உரிமம் யாருக்கு? காப்பகங்களும் அவற்றை நடத்திய பெண்களும்

அம்மா தன் கடைசி இரண்டரை வருடங்களைப் பள்ளிக்கரணையில் ஒரு முதியோர் இல்லத்தில் கழித்தார். எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். வேளச்சேரி–தாம்பரம் சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் வரும் இரண்டு மாடி வீடு அது. முன்பு ஐ.டி. கம்பெனிகளில் வேலை பார்க்கும் பெண்களுக்கான விடுதியாக இருந்தது. கொரோனா காலத்தில் விடுதி காலியானதும் உரிமையாளர் கழிப்பறைகளில் கைப்பிடி பொருத்தி, வாசலில் சாய்தளம் போட்டு, பெயர்ப்பலகையை மாற்றினார். வரவேற்பறைச் சுவரில் கண்ணாடிச் சட்டமிட்ட தாள்கள் வரிசையாகத் தொங்கின. கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, சுகாதாரச் சான்று, வட்டாட்சியர் கொடுத்த ‘டி’ படிவ உரிமம். அம்மாவைச் சேர்த்த அன்று அவற்றை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்து நிம்மதியடைந்தேன்.

அந்த இல்லத்தை உண்மையில் நடத்தியவர் பெயர் அந்தத் தாள்கள் எதிலும் இல்லை. நாங்கள் எல்லோரும் அவரை அக்கா என்போம். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றவர். சிறிய மருத்துவமனைகளில் ஆயாவாகத் தொடங்கி, வீடுகளுக்குப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் அட்டெண்டராக இருந்து, பதினெட்டு வருட அனுபவத்தோடு இங்கே வந்தவர். யாருக்கு எப்போது மாத்திரை, யார் சோற்றைக் குழைக்க வேண்டும், யார் சாயங்காலமானால் வீட்டுக்குப் போக வேண்டும் என்று அழுவார், எல்லாம் அவருக்குத் தெரியும். உரிமையாளர் வருகிறவர்களிடம் அவரை ‘மேனேஜர்’ என்று அறிமுகப்படுத்துவார். சம்பளப் பதிவேட்டில் ‘ஹவுஸ்கீப்பிங்’ என்றுதான் இருந்தது.

அக்காவுக்கு விடுமுறையான ஓர் இரவில் அம்மா கழிப்பறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. இருபத்திரண்டு முதியவர்களுக்கு அன்று இரவுப் பணியில் இருந்தது ஒரே ஒரு பெண். வேலைக்குச் சேர்ந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. விழுந்தவரை எப்படித் தூக்குவது என்று யாரும் அவளுக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை. கையைப் பிடித்து இழுத்திருக்கிறாள். மறுநாள் நான் மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு புகார் எழுதினேன். முதியோர் இல்லங்களைப் படித்துப் பட்டம் பெற்ற, உரிமம் வாங்கிய நிர்வாகிகள் மட்டுமே நடத்த வேண்டும் என்பது அதன் முக்கியக் கோரிக்கை. அனுப்புவதற்கு முன் அக்காவிடம் படித்துக் காட்டினேன். அவர் கேட்டுவிட்டுச் சொன்னார்: “எழுதுங்க மேடம், தப்பில்ல. ஆனா படிச்சவங்களத்தான் போடணும்னு சட்டம் வந்தா மொதல்ல வெளிய போறது நான்தான். அந்த ராத்திரி ஒரே ஆளப் போட்டவரு உள்ளயேதான் இருப்பாரு.”

அந்தத் தாள் இரண்டு வாரம் என் மேசையிலேயே கிடந்தது. இந்தக் கட்டுரை அந்த இரண்டு வாரத்தில் தொடங்கியது. பராமரிப்பு இல்லத்தை நடத்துகிறவருக்கு உரிமம் வேண்டுமா, அந்த நிபந்தனையை இறுக்குவதா தளர்த்துவதா என்று உலகின் பல நாடுகளில் விவாதம் நடக்கிறது. அமெரிக்காவில் 1967இல் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தியபோது, மருத்துவப் பராமரிப்பு இல்லங்களின் நிர்வாகிகளுக்கு மாநில அரசுகள் உரிமம் வழங்கும் முறை கட்டாயமானது. மருத்துவம் குறைவாகவும் துணை அதிகமாகவும் தேவைப்படும் உதவி வாழ்விடங்களுக்கு அங்கே ஒவ்வொரு மாநிலமும் ஒரு விதி வைத்திருக்கிறது. இங்கிலாந்தில் 2000ஆம் ஆண்டின் பராமரிப்புத் தரச் சட்டம், இல்லத்தின் மேலாளரும் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றது. நம்மிடம் தளர்த்துவதற்கே அப்படியொரு நிபந்தனை இல்லை. நாம் கட்டடத்துக்கு உரிமம் தருகிறோம், ஆளைக் கேட்பதில்லை. ஏன் என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது பெரும்பாலும் பெண்களின் வரலாறு.

நான் தமிழ் படித்தவள், சொல்லிலிருந்து தொடங்குகிறேன். இன்று நர்ஸ் என்பதற்கு நாம் எழுதும் ‘செவிலியர்’, சங்க இலக்கியத்தின் செவிலித்தாயிடமிருந்து வந்தது. பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. தொல்காப்பியம் அகத்திணையில் பேசும் உரிமை உள்ளவர்களில் ஒருத்தியாகச் செவிலியை வைக்கிறது. தலைவி வீட்டைவிட்டுப் போனால் தேடிக்கொண்டு பாலை வழியில் நடப்பவளும் அவள்தான். பார்த்துக்கொள்கிறவளுக்கு ஒரு பெயரும் பேச்சுரிமையும் அந்த மரபில் இருந்தன. ஆனால் அந்த உரிமை அந்த வீட்டோடு முடிந்தது. வேறொரு வீட்டுக்குப் போய் ‘நான் இதைத் தெரிந்தவள்’ என்று காட்ட அவளிடம் எதுவும் இல்லை.

மணிமேகலையில் இன்னொரு காட்சி உண்டு. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக ஆக்கியதற்கு என்றே ஒரு காதை. சுவர்களும் கதவுகளும் அவையேதான். உள்ளே யார் பொறுப்பேற்கிறார்கள், எதற்காக ஏற்கிறார்கள் என்பது மாறியதும் சிறை அறச்சாலையாகிறது. இதை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் இதன் மறுபக்கமும் எனக்குத் தோன்றும். அறக்கோட்டம் என்று பலகை மாட்டிய இடமும் அதே சுவர்களுக்குள் சிறையாகலாம்.

சென்னையில் ஆதரவற்றோருக்கான பழைய இடங்களில் ஒன்று மணியக்காரர் சத்திரம். ஹைதர் அலியுடன் போர் நடந்த காலத்துப் பஞ்சத்தில், 1782இல், கஞ்சி ஊற்றும் இடமாகத் தொடங்கியது. முதியவர்களும் நோயாளிகளும் அங்கேயே தங்கினார்கள். பின்னாளில் ஸ்டான்லி மருத்துவமனை அதிலிருந்து கிளைத்தது. வடசென்னையில் வயதானவர்கள் இன்றும் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். 1812இல் ஃபிரெண்ட் இன் நீட் சொசைட்டி தொடங்கப்பட்டது. இவற்றின் வரலாற்றில் கொடையாளர்களின் பெயர் நின்றது. மணியக்காரர் என்ற பதவியின் பெயரே ஒரு கட்டடத்துக்கு நிலைத்தது. கஞ்சி காய்ச்சியவர்களின், படுக்கையில் கிடந்தவர்களைப் புரட்டிப் போட்டவர்களின் பெயர் நிற்கவில்லை.

அந்தப் பெயர்கள் நிற்கத் தொடங்கியது இருபதாம் நூற்றாண்டில், பெண்கள் தாங்களே இல்லங்களைத் தொடங்கியபோது. சகோதரி சுப்பலட்சுமி குழந்தை மணம் முடித்து, பதினோரு வயதிலேயே கணவனை இழந்தவர். 1911இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1912இல் சாரதா பெண்கள் சங்கத்தை அமைத்தார். எழும்பூரில் தன் குடும்ப வீட்டில் சில இளம் விதவைகளோடு தொடங்கிய அவரது இல்லம் பிறகு கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டடத்துக்குப் போனது. அந்த இல்லத்தின் அன்றாடத்தைத் தாங்கியவர்களில் ஒருவர் அவருடைய சித்தி. அவரும் சிறு வயதிலேயே விதவையானவர். பட்டம் பெற்ற ஒருத்தியும் அடுக்களை அறிந்த ஒருத்தியும் சேர்ந்து நடத்திய இல்லம் அது. இருவருக்கும் இருந்த முதல் தகுதி, உள்ளே வந்த பெண்களின் நிலைமையைத் தங்கள் உடம்பில் அறிந்திருந்தது. அந்தத் தகுதிக்கும் ஓர் எல்லை இருந்தது. அது பிராமண விதவைகளுக்கான இல்லம். மற்ற சாதிப் பெண்களுக்கு அதன் கதவு திறக்கவில்லை.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1930இல் அவ்வை இல்லத்தைத் தொடங்கியதும் மூடிய கதவு ஒன்றினால்தான். தேவதாசி முறையிலிருந்து விலகி வந்த பெண்பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள நகரத்து விடுதிகள் தயாராக இல்லை. தன் வீட்டிலேயே இடம் கொடுத்தார். பிறகு இல்லம் அடையாறுக்கு வந்தது. இந்த இரண்டு இல்லங்களுக்கும் அன்று உரிமம் கேட்க எந்தச் சட்டமும் இல்லை. கடுமையான நிபந்தனைகள் இருந்திருந்தால் எழும்பூர் வீட்டில் சில பெண்களோடு ஒரு விதவை எதையும் தொடங்கியிருக்க முடியாது. நிபந்தனையைத் தளர்த்தச் சொல்கிறவர்களின் வாதத்தில் எனக்கு மதிப்பு வருவது இந்த இடத்தில்தான். புதிதாகத் தொடங்குகிறவள் பெரும்பாலும் சிறியவள், கையில் காசில்லாதவள்.

உரிமம் என்ற சொல் பராமரிப்புப் பெண்களின் வாழ்க்கையில் நுழைந்த இன்னொரு வழியையும் பார்க்க வேண்டும். சென்னையின் அரசு பிரசவ மருத்துவமனை 1844இல் தொடங்கியது. அதற்கு முன்பும், அதற்குப் பிறகு நெடுங்காலமும், பெரும்பாலான பிள்ளைப்பேறுகளைப் பார்த்தவர்கள் ஊர் மருத்துவச்சிகள்; பலர் நாவிதர் சமூகப் பெண்கள். 1926இல் சென்னை மாகாணத்தில் செவிலியர், மருத்துவச்சிகள் சட்டம் வந்தது. பயிற்சியும் பதிவேடும் வந்தன. பிரசவத்தில் தாய் சாவது குறைய வேண்டுமென்றால் பயிற்சி வேண்டும், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் பதிவேட்டில் பெயர் ஏறுவதற்கு எழுத்து தெரிய வேண்டும், பயிற்சிக்குப் போக வேண்டும், பயிற்சிக் காலத்தில் வீட்டில் அடுப்பெரிய வேண்டும். தலைமுறை தலைமுறையாகக் கைத்தொழில் வைத்திருந்தவள் ‘பயிற்சி பெறாதவள்’ ஆனாள். அவளுடைய அறிவில் எது காப்பாற்றத் தக்கது, எது ஆபத்தானது என்று அவளோடு உட்கார்ந்து பிரித்துப் பார்க்கப் பெரிய முயற்சி நடக்கவில்லை. சாதியும் அதில் வேலை செய்தது. அக்கா என்னிடம் சொன்னது நூறு வருடத்துக்கு முன் ஒரு மருத்துவச்சி சொல்லியிருக்கக்கூடிய வாக்கியம்.

விடுதலைக்குப் பிறகு, 1956இல், பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான நிறுவனங்களுக்கு உரிமம் கட்டாயமாக்கும் மத்தியச் சட்டம் வந்தது. ஆதரவற்ற பெண்களின் பெயரால் இல்லம் நடத்திக் காசு பார்க்கிறவர்களைத் தடுப்பது அதன் நோக்கம். அதே ஆண்டு வந்த ஒழுக்கக்கேடான வியாபாரத் தடுப்புச் சட்டம், மீட்கப்பட்ட பெண்களுக்கான பாதுகாப்பு இல்லங்களுக்கும் உரிமம் வேண்டும் என்றது. அந்தச் சட்டத்தின் 21ஆம் பிரிவில் ஓர் அரிய வரி உண்டு. உரிமம் தரும்போது, இயன்ற இடங்களில் நிர்வாகத்தைப் பெண்களிடமே ஒப்படைக்க வேண்டும் என்று அரசு நிபந்தனை விதிக்கலாம் என்கிறது. இல்லத்தை நடத்தும் ஆள் யார் என்று நம் சட்டம் யோசித்த சில தருணங்களில் இது ஒன்று. ஆனால் அந்தப் பெண்ணுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும், என்ன சம்பளம், எத்தனை பேருக்கு ஒருத்தி என்ற கேள்விகள் அதில் இல்லை. பெண்ணாக இருந்தால் பார்த்துக்கொள்ளத் தெரியும் என்ற பழைய நம்பிக்கைதான் அந்த வரியின் அடியிலும் இருக்கிறது. இந்த நம்பிக்கையே அக்காவின் சம்பளத்தையும் தீர்மானிக்கிறது. பிறவியிலேயே தெரிந்த வேலைக்கு யார் கூடுதலாகக் கூலி தருவார்கள்?

முதியவர்களின் பக்கம் கவனம் திரும்பியது இன்னும் தாமதமாக. 1978இல் சாவித்திரி வைத்தி, ஆதரவற்ற முதிய பெண்களுக்காக ‘விஸ்ராந்தி’ இல்லத்தைத் தொடங்கினார். பின்னாளில் அது நிலைகொண்ட பாலவாக்கம் எங்கள் பள்ளிக்கரணைக்குக் கிழக்கே, சதுப்பு நிலத்துக்கும் பழைய மகாபலிபுரம் சாலைக்கும் அப்பால், கடலோரத்தில் இருக்கிறது. முதிய பெண்களுக்குத் தனி இல்லம் தேவைப்பட்டதற்குக் காரணம் இருந்தது. கணவனைவிடப் பெண் அதிக காலம் வாழ்கிறாள். வீடு அவள் பெயரில் இருப்பதில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1996இல் முதியோர் மருத்துவத்தில் எம்.டி. படிப்பு வந்தது. இந்தியாவிலேயே அதுதான் முதல். முதியவருக்கு மருந்து எழுதுகிறவருக்கு இப்படிப் பட்ட மேற்படிப்பு வந்தது. அந்த முதியவரோடு இருபத்து நான்கு மணி நேரமும் இருக்கிறவருக்கு எந்தப் படிப்பும் கட்டாயமாகவில்லை.

2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தின் ஓலைக் கொட்டகை எரிந்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். மனநல நிலையங்களுக்கு உரிமம் வேண்டும் என்ற 1987ஆம் ஆண்டுச் சட்டம் 1993லேயே நடைமுறைக்கு வந்திருந்தது. எட்டு வருடமாக யாரும் போய்க் கேட்கவில்லை. உரிமம் என்பது வெறும் அதிகாரிகளின் தொல்லை என்று யாராவது பேசும்போது எனக்கு அந்தச் சங்கிலிகள் நினைவுக்கு வரும்.

2007இல் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு நலச் சட்டம் வந்தது. மாவட்டத்துக்கு ஒன்றாக, குறைந்தது 150 ஏழை முதியவர்கள் தங்கும் இல்லங்களை மாநில அரசுகள் ஏற்படுத்தலாம் என்றது. தமிழ்நாடு 2014இல் பெண்கள், குழந்தைகளுக்கான விடுதிகள், இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தை இயற்றியது. இவை எவ்வளவு தூரம் வீட்டுக்குள் எட்டின என்பதை 2018 இரண்டு முறை காட்டியது. பிப்ரவரியில் காஞ்சிபுரம் மாவட்டம் பாலேஸ்வரத்தில் இருந்த கருணை இல்லத்தின் வண்டி ஒன்றைப் பொதுமக்கள் மறித்தார்கள். வண்டிக்குள் ஓர் இறந்த உடலும், காய்கறி மூட்டைகளும், உயிரோடிருந்த முதியவர்களும் இருந்தார்கள். மறிக்கக் காரணம் உள்ளே இருந்த ஒரு முதிய பெண்ணின் கூக்குரல். அங்கே தங்கியிருந்த நூற்றுக்கணக்கானவர்களை அரசு வேறிடங்களுக்கு மாற்றியது. உரிமம் புதுப்பிக்கப்படவில்லை என்ற தகவல் அதன் பிறகுதான் பேசப்பட்டது. நடத்தியவர்கள் குற்றச்சாட்டுகளை மறுத்தார்கள். டிசம்பரில் எங்களுக்குப் பக்கத்து ஆதம்பாக்கத்தில், பெண்கள் விடுதியின் அறைகளில் ரகசியக் கேமராக்களை வைத்ததாக அதை நடத்தியவர் கைதானார். அவற்றைக் கண்டுபிடித்தவர்கள் அங்கே தங்கியிருந்த பெண்களே. இரண்டிலும் அலுவலர் வருவதற்கு முன்னால் உள்ளே இருந்த பெண்ணின் குரல் வந்திருக்கிறது.

ஆதம்பாக்கத்துக்குப் பிறகு விடுதிகள் எல்லாம் பதிவு செய்ய வேண்டும் என்று கெடு வைத்தார்கள். அப்போது, சான்றிதழ்கள் ஏராளம், தளர்த்துங்கள் என்ற குரலும் எழுந்தது. பள்ளிக்கரணை, மேடவாக்கம், கோவிலம்பாக்கம் பக்கத்தில் வாடகை வீட்டை எடுத்துச் சின்னதாக விடுதியோ முதியோர் இல்லமோ நடத்துகிறவர்களில் பெண்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒவ்வொரு சான்றும் ஓர் அலுவலகம், ஓர் இடைத்தரகர், ஒரு செலவு. பெரிய நிறுவனம் இதற்கென்றே ஆள் வைத்துக்கொள்கிறது. நிபந்தனைகள் பெருகினால் சிறியவள் வெளியேறுவாள், அல்லது பலகையைக் கழற்றிவிட்டு ரகசியமாக நடத்துவாள். இரண்டாவதுதான் அதிக ஆபத்து.

இந்த வாதம் சரி. ஆனால் இதில் ஒரு நழுவல் இருக்கிறது. தளர்த்தச் சொல்கிறவர்கள் சுமை என்று காட்டுவது சுவர் பற்றிய தாள்களை. தளர்த்தும்போது கூடவே கழன்று போவது, ஆள் பற்றிய கொஞ்சநஞ்சக் கேள்விகள். அம்மா விழுந்த இரவில் கட்டடம் உறுதியாகத்தான் இருந்தது. கைப்பிடி இருந்தது, தீயணைப்பான் இருந்தது. இரண்டாவது ஆள் இல்லை. இருந்த ஆளுக்குப் பயிற்சி இல்லை. இந்த இரண்டும் யாருடைய பொறுப்பு என்று எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லை.

2019 டிசம்பரில் மக்களவையில் 2007ஆம் ஆண்டுச் சட்டத்துக்குத் திருத்த மசோதா ஒன்று வந்தது. முதியோர் பராமரிப்பு இல்லங்கள் பதிவு செய்யப்பட வேண்டும். உணவு, கட்டமைப்பு, மருத்துவ வசதி ஆகியவற்றுக்குக் குறைந்தபட்சத் தரங்கள் வகுக்கப்படும் என்றது. வீட்டுக்கு ஆள் அனுப்பும் நிறுவனங்கள், பயிற்சி பெற்றவர்களையும் காவல்துறை சரிபார்த்தவர்களையுமே அனுப்ப வேண்டும் என்றது. நிலைக்குழு பார்த்தது, அறிக்கை தந்தது. மசோதா சட்டமாகாமலே அந்த மக்களவையின் காலம் முடிந்தது. அதிலும் கீழே வேலை செய்யும் பெண்ணைக் காவல்துறை சரிபார்க்க வேண்டும் என்ற கவலை தெளிவாக இருந்தது. இரவில் எத்தனை ஆள் போடுவது என்று முடிவு செய்கிறவரைப் பற்றிய கவலை அவ்வளவு தெளிவாக இல்லை. ஏழைப் பெண்ணின் நாணயத்தைச் சந்தேகிப்பது நமக்கு எளிது. முதலாளியின் கணக்கைச் சந்தேகிப்பதுதான் கடினம்.

தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பின்படி அறுபது வயதைக் கடந்தவர்கள் மக்கள்தொகையில் 10.4 சதவீதம். 2021க்கான மதிப்பீடு 13.6 சதவீதம். 2024இல் கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. எங்கள் தெருக்களில் இல்லங்களின் பலகைகள் கூடிக்கொண்டே போகின்றன. அக்காவைப் போன்றவர்கள் இன்னும் பல ஆயிரம் பேர் தேவை. மத்திய அரசின் தேசிய சமூகப் பாதுகாப்பு நிறுவனம் முதியோர் பராமரிப்பில் ஓராண்டு முதுநிலைப் பட்டயம் நடத்துகிறது. அதற்குப் பட்டப்படிப்பு முடித்திருக்க வேண்டும். பராமரிப்பாளர்களுக்குக் குறுகிய காலத் திறன் பயிற்சிகளும் உண்டு. இந்த இரண்டு படிகளுக்கும் நடுவில் அக்கா ஏறக்கூடிய படி இல்லை. வேலையிலேயே கற்றதைச் சோதித்துச் சான்று தரும் முறை திறன் பயிற்சித் திட்டங்களில் ஏற்கெனவே இருக்கிறது. அதை நிர்வாகப் பொறுப்புவரை நீட்டுவது முடியாத காரியமில்லை. பதினெட்டு வருடம் பார்த்துக்கொண்டவள் ஆறு மாதம், சம்பளத்தோடு, தமிழில் பயின்று தேர்வு எழுதி, இல்லத்தின் பொறுப்பாளர் என்று பதிவேட்டில் ஏற முடிய வேண்டும். 1926இல் மருத்துவச்சிக்குச் செய்யாமல் விட்டதை இவளுக்காவது செய்யலாம்.

என் புகாரைத் திருத்தி எழுதினேன். பட்டம் என்ற சொல்லை அடித்தேன். ஒவ்வோர் இல்லத்துக்கும் பெயர் சொல்லிப் பதிவு செய்யப்பட்ட பொறுப்பாளர் ஒருவர் வேண்டும். அவர் தேர்வு பெற்றவராக இருக்க வேண்டும். அனுபவமுள்ளவர்கள் அந்தத் தேர்வை எட்ட அரசு வழி செய்ய வேண்டும். இரவுப் பணியில் இத்தனை பேருக்கு இத்தனை ஆள் என்று உரிமத்திலேயே எழுதி வாசலில் ஒட்ட வேண்டும். ஆள் குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் உரிமையாளர். சிறு இல்லங்களுக்குச் சான்றுகளை எல்லாம் ஒரே மனுவில் வாங்கும் வசதி வேண்டும் என்பதையும் சேர்த்தேன். தளர்த்த வேண்டியது அதுதான்.

அந்தத் தாளையும் அக்காவிடம் படித்துக் காட்டினேன். “தேர்வு தமிழ்ல இருக்கும்ல?” என்று கேட்டார். இருக்க வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறேன் என்றேன். “அப்ப இன்னொண்ணும் எழுதுங்க. விழுந்தவங்கள எப்படித் தூக்கறதுன்னு செஞ்சு காட்டச் சொல்லணும். எழுதறதுல மட்டும் மார்க் போடக் கூடாது.”

எழுதினேன். அம்மா அதன் பிறகு நடக்கவில்லை. ஏழு மாதம் கழித்து அதே இல்லத்தில், அக்கா பக்கத்தில் இருந்தபோது, போய்ச் சேர்ந்தார். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது என்னிடம் இருக்கிறது. அக்கா இன்னமும் அங்கேதான் வேலை செய்கிறார். பதிவேட்டில் இன்னமும் ஹவுஸ்கீப்பிங்.